கதவுக்கு யார் காவல்?

மே மாதத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் தில்லியின் ராமகிருஷ்ணபுரத்திலும், ஜனக்புரியிலும், மயூர் விஹாரிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படத் தொடங்கிவிடும். பெட்டிகளைக் கட்டி முடித்ததும் செய்யும் கடைசி வேலை, வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டு, கனமான பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதை இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பதுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ இரண்டு இரவுகளைக் கழித்துச் சென்னையில் இறங்கும்போதும் அந்தக் கதவின் நினைவு அகல்வதில்லை.

இந்த அச்சம் காரணமற்றது அல்ல. வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அறிவிப்புப் பலகை. வாசலில் சேர்ந்துவிட்ட செய்தித்தாள்களும், இரவில் ஏற்றப்படாத விளக்கும் அந்த அறிவிப்பை உறுதிசெய்கின்றன. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களில் சிலருக்குக் காணக்கிடைப்பது ஒரு விசித்திரமான காட்சி. பூட்டு பூட்டியபடியே இருக்கும். ஆனால் அது மாட்டப்பட்டிருந்த நாதாங்கி, திருகாணிகளோடு பெயர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டு தோற்கவில்லை. பூட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவைதான் தோற்றுவிட்டன.

தலைநகரில் வீடுகளின் பாதுகாப்பு பற்றிய பிரச்னை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. குடிமகன் தன்னால் இயன்ற பூட்டை வாங்கி மாட்டிவிட்டான். அதைத் தாங்க வேண்டிய கட்டட விதிகளும், காவல் முறையும், நிர்வாகப் பொறுப்பும் உறுதியாக உள்ளனவா என்பதே கேள்வி.

நல்ல பூட்டுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தில்லிக்கு அருகிலுள்ள அலிகர் நகரம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆனால், பூட்டை உடைத்துத்தான் திருடன் உள்ளே வருவான் என்று நினைப்பது தவறு. கதவுக்கும் நிலைக்கும் இடையே கடப்பாரையை நுழைத்து நெம்பினால், அந்த விசை முழுவதும் சென்று தாக்குவது பூட்டின் நாக்கு அமரும் சிறு தகட்டையும், அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும்தான். தகடு மெலிந்ததாக, திருகாணி குட்டையாக, நிலைச்சட்டம் கரையான் அரித்ததாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டாலும் பயனில்லை.

தச்சு வேலை தெரிந்தவர்கள் இதற்குக் கூறும் பரிகாரங்கள் எளியவை. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. தகடு கனமானதாக இருக்க வேண்டும். திருகாணிகள் நிலைச்சட்டத்தோடு நின்றுவிடாமல் சுவருக்குள் இறங்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கதவுக்கு மூன்று கீல்கள் தேவை. கதவு வெளிப்புறமாகத் திறப்பதானால், கீலின் ஆணியை வெளியிலிருந்து உருவ முடியாத அமைப்பு வேண்டும். உள்ளீடற்ற கதவை வாசலில் மாட்டக் கூடாது. தொங்கு பூட்டுக்குப் பதிலாகக் கதவுக்குள் பதிக்கும் பூட்டு இருந்தால், வீட்டில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பது வெளியே தெரியாது. வாசற்கதவைப் பலப்படுத்திவிட்டுப் பின்கட்டுக் கதவையும் மாடிக் கதவையும் மறந்துவிடுவது இன்னொரு பிழை. 2023 செப்டம்பரில் தெற்கு தில்லியின் போகல் பகுதியில் பல கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளை இழந்த கடையில், திருடன் முன்வாயில் பக்கமே வரவில்லை. மாடி வழியாக இறங்கி, பெட்டக அறையின் சுவரைத் துளைத்தான். வலுவான இடத்தை விட்டுவிட்டு வலுவற்ற இடத்தைத் தேடுவதே களவின் இலக்கணம்.

உடைக்கவே முடியாத கதவு என்று ஒன்று உலகில் கிடையாது. திருடனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு ஓசை எழும் என்பவையே கணக்கு. ஐரோப்பியத் தர நிர்ணயத்தில் கதவுகள் நிமிடக் கணக்கில்தான் தரம் பிரிக்கப்படுகின்றன. திருப்புளி, குறடு போன்ற சிறு கருவிகளின் தாக்குதலை 3 நிமிடம் தாங்கினால் அது இரண்டாம் தரம். கடப்பாரையும் சேர்ந்த தாக்குதலை 5 நிமிடம் தாங்கினால் மூன்றாம் தரம். அந்தச் சில நிமிடங்களுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும். காவலர் வந்து சேர வேண்டும். வருவதற்கு யாரும் இல்லையென்றால் 5 நிமிடம் தாங்கும் கதவும் ஆறாவது நிமிடத்தில் திறந்துகொள்ளும்.

இங்குதான் அரசின் பொறுப்பு தொடங்குகிறது. ஆனால், தில்லியில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்திருப்பது பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றிவிடும் வேலைதான். 1980-களின் பயங்கரவாதமும், 1984 நவம்பர் கலவரமும் காலனிகளின் நுழைவாயில்களில் இரும்புக் கதவுகளை நிறுத்தின. குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாதச் சந்தா வசூலித்துத் தனியார் காவலாளிகளை அமர்த்தின. 2000-ஆம் ஆண்டில் அன்றைய முதல்வர் ஷீலா தீட்சித் தொடங்கிய 'பாகிதாரி' திட்டம் இந்தச் சங்கங்களுக்கு நிர்வாகத்தில் ஓர் இடத்தை அளித்தது. அதை மக்கள் பங்கேற்பு என்று பாராட்டியவர்கள் உண்டு. ஆனால், காவல் என்னும் அரசின் அடிப்படைக் கடமைக்கு, வரி செலுத்திய குடிமகன் இரண்டாவது முறையாகப் பணம் செலுத்தும் ஏற்பாடும் அதனுடன் சேர்ந்து நிலைபெற்றுவிட்டது.

அந்தக் காவலாளியின் நிலை என்ன? தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நிறுவனத்துக்கு உரிமமும் காவலாளிக்குப் பயிற்சியும் கட்டாயம் என்கிறது சட்டம். நடைமுறையில், பிகாரிலிருந்தோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த ஒருவர், கையில் ஒரு தடியும் வாயில் ஒரு விசிலுமாக, 12 மணி நேரம் ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் நிறுத்தப்படுகிறார். களவு நடந்துவிட்டால் முதலில் சந்தேகிக்கப்படுபவரும் அவரே.

அடுத்து வந்தவை கண்காணிப்புக் கேமராக்கள். 70 சட்டப்பேரவைத் தொகுதிகளில் தொகுதிக்கு 2,000 வீதம் 1.4 லட்சம் கேமராக்களைப் பொருத்தும் திட்டத்தை ஆம் ஆத்மி அரசு 2019-இல் செயல்படுத்தத் தொடங்கியது. கேமராக்களால் பயனே இல்லை என்று கூற முடியாது. வழக்குகளில் அவை துப்புத் தருகின்றன. ஆனால், கேமரா என்பது நடந்ததைச் சொல்லும் சாட்சியே தவிர, நடப்பதைத் தடுக்கும் காவலர் அல்ல. முகமூடி அணிந்து வருபவனை அது அச்சுறுத்துவதில்லை.

சட்டத்தில் குறை இல்லை. வீடு புகுந்து உடைத்தலைக் கடும் குற்றமாகவே இந்தியச் சட்டம் தொடக்கம் முதல் கருதி வந்துள்ளது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331-ஆவது பிரிவின்படி, சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே திருடும் நோக்கத்துடன் வீட்டை உடைத்துப் புகுந்தால் 14 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். இருட்டிய பிறகு வீட்டை உடைத்துப் புகுபவனிடமிருந்து உடைமையைக் காக்கும் தற்காப்பு உரிமையை, உரிய வரம்புகளுக்கு உட்பட்டு, உயிர்ச்சேதம் விளைவிக்கும் எல்லை வரை சட்டம் அனுமதிக்கிறது. வாசற்கதவுக்கு இவ்வளவு மதிப்பை அளித்துள்ள சட்டத்தின்கீழ், குற்றவாளி பிடிபட்டால்தானே தண்டனை?

வீட்டில் நடந்த திருட்டு குறித்து இணையவழியில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும் வசதியைத் தில்லி காவல் துறை 2022-இல் ஏற்படுத்தியது. புகாரை வாங்க மறுத்து அலைக்கழிக்கும் பழைய வழக்கத்துக்கு இது ஒரு மாற்று என்ற வகையில் வரவேற்கத்தக்கதே. ஆனால், பதிவு எளிதாவதும் புலனாய்வு கூர்மையாவதும் ஒன்றல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடைத்தது என்ற அளவில் வழக்கு முடிந்துவிடுமானால், அந்த வசதி காவல் துறையின் சுமையைத்தான் குறைக்கும், களவைக் குறைக்காது.

இதற்கெல்லாம் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில்தான் தில்லியின் தனித்த சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு களவு நடந்தால் முதல்வரைச் சட்டப்பேரவையில் கேள்வி கேட்கலாம். தில்லியில் அது இயலாது. 1991-ஆம் ஆண்டின் 69-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தில்லிக்குச் சட்டப்பேரவையை அளித்தபோதே, பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றையும் அதன் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்தது. காவல் துறை மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. வீடுகளைக் கட்டும் தில்லி வளர்ச்சி ஆணையம் மத்திய நகர்ப்புற அமைச்சகத்திடம் இருக்கிறது. தெருவிளக்குகளில் பெரும்பகுதி மாநகராட்சியிடம் இருக்கிறது. கேமராக்களை மாநில அரசு வைக்கிறது. ஒரு வீட்டின் வாசலில் நான்கு அதிகாரங்கள் நின்றாலும், உடைந்த கதவுக்குப் பொறுப்பேற்க எதுவும் முன்வருவதில்லை.

பல ஆண்டுகளாக இதற்கு ஓர் அரசியல் விளக்கமும் அளிக்கப்பட்டு வந்தது. மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறு கட்சி என்பதால் ஒத்துழைப்பு இல்லை என்று இரு தரப்பும் மாறி மாறிக் குறை கூறின. 2025 பிப்ரவரியில் பாரதிய ஜனதா கட்சி தில்லியில் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மாநகராட்சி மேயர் பதவியும் அக்கட்சியிடம் சென்றது. அதனுடன் அந்தச் சாக்குப்போக்குக்கு இருந்த இடமும் மறைந்தது. தில்லி அரசின் அதிகாரத்தைப் பறித்த மத்திய அரசே எல்லாக் குறைகளுக்கும் காரணம் என்று ஆம் ஆத்மி கட்சி அன்று வாதிட்டதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட சீரமைப்புகளில் அந்தக் கட்சி காட்டிய அக்கறை, கேமராக்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்துவதில் காட்டிய அக்கறையைவிடக் குறைவே.

அரசு என்னதான் செய்ய முடியும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காவலரை நிறுத்த முடியுமா என்று கேட்கப்படலாம். அதற்கு நெதர்லாந்தின் அனுபவம் விடையளிக்கிறது. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் கதவும் ஜன்னலும் உடைப்பைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று அந்த நாடு 1999-ஆம் ஆண்டில் தனது கட்டட விதிகளைத் திருத்தியது. பின்னர் அதன் விளைவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், புதிய விதியின்கீழ் கட்டப்பட்ட வீடுகளில் களவு நிகழும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டறிந்து 2011-இல் வெளியிட்டனர். புதிய வீட்டில் நுழைய முடியாத திருடர்கள் அருகிலுள்ள பழைய வீடுகளுக்குச் சென்றுவிட்டார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. இங்கிலாந்தும் 2015 அக்டோபர் முதல் புதிய வீடுகளின் கதவு, ஜன்னல்களுக்கு இத்தகைய விதியைக் கட்டாயமாக்கியது. புதிய காவலர்களை நியமிக்காமலே, தச்சரின் பட்டறையிலும் கட்டடப் பொறியாளரின் வரைபடத்திலும் களவைக் குறைக்க முடியும் என்பதை அந்த நாடுகள் காட்டியுள்ளன.

இந்தியாவிலும் தர நிர்ணயங்கள் இல்லாமல் இல்லை. மரக் கதவுக்கும், நிலைச்சட்டத்துக்கும், பதிக்கும் பூட்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித்தனியே தரங்களை வகுத்துள்ளது. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு 2016-இல் திருத்தி வெளியிடப்பட்டது. தில்லிக்கென ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் அதே ஆண்டில் வந்தன. வெளிச்சம், காற்றோட்டம், மழைநீர் சேகரிப்பு, தீத்தடுப்பு ஆகியவற்றை அவை பேசுகின்றன. ஆனால், ஒரு வீட்டின் வாசற்கதவு எத்தனை நிமிடத் தாக்குதலைத் தாங்க வேண்டும் என்பது கட்டாய விதியாக்கப்படவில்லை. கதவும் பூட்டும் நிலையும் தனித்தனியே தரமானவையாக இருந்தாலும், மூன்றும் சேர்ந்து வாசலில் நிற்கும்போது தாங்குமா என்பதே வீட்டுக்காரருக்கு வேண்டிய விடை.

இதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. தில்லியில் வாடகை வீடுகளில் வசிப்பவர்கள் ஏராளம். முனிர்க்காவிலோ மயூர் விஹாரிலோ 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் ஒருவர், வீட்டுக்காரருடைய நிலைச்சட்டத்தைத் தன் செலவில் மாற்றமாட்டார். அங்கு வசிக்காத வீட்டுக்காரருக்கோ அதில் அக்கறை இல்லை. முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவிகள் தங்கிவிட்டன என்பதும் புதிதாகக் குடிவருபவருக்குத் தெரியாது. செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், இழப்பைச் சந்திப்பவர் வேறொருவர் என்ற நிலையில் சட்டம் தலையிட்டே தீர வேண்டும்.

அப்படித் தலையிடும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. வெளியாளைத் தடுக்கும் கதவு, ஆபத்து நேரத்தில் உள்ளே இருப்பவரைச் சிறைவைக்கும் கதவாக மாறிவிடக் கூடாது. 1997 ஜூன் 13 அன்று கிரீன் பார்க் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்ததற்குத் தீயும் புகையும் மட்டுமல்ல, அடைபட்டிருந்த வெளியேறும் வழிகளும் காரணம். 2019 டிசம்பர் 8 அன்று அனாஜ் மண்டியில் தீப்பற்றிய கட்டடத்தில் 43 தொழிலாளர்கள் மாண்டபோது, தீயணைப்புப் படையினர் ஜன்னல் கம்பிகளை அறுத்து உள்ளே செல்ல வேண்டியிருந்தது. முன்னது பொழுதுபோக்கும் இடம், பின்னது தொழிற்கூடம். ஆயினும் பாடம் வீடுகளுக்கும் பொருந்தும். வெளியேறும் கதவுகள் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பது கட்டட நெறித்தொகுப்பில் உள்ள விதி. திருடனுக்கு அஞ்சி மாடம் முதல் மாடி வரை இரும்புக் கிராதிகளால் மூடி, உள்பக்கமும் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்கும் தில்லிக் குடும்பங்கள், ஓர் ஆபத்தைத் தவிர்க்கப் பேராபத்தைத் தேடிக்கொள்கின்றன. களவுக்கும் தீக்கும் சேர்த்து விதி வகுப்பவர்களால் மட்டுமே இந்த இரண்டுக்கும் இடையே சமநிலை காண முடியும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சு தில்லியில் எளிதாக வேறொரு திசையில் திரும்பிவிடுவதும் உண்டு. களவு என்றதும் சந்தேகத்தின் விரல் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும், காவலாளியையும், குடிசைப் பகுதியையும் நோக்கி நீள்கிறது. வாடகைதாரர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் பதிவு செய்யுமாறு ஆணைகள் பிறப்பிக்கப்படுகின்றன. விவரம் திரட்டுவதில் தவறில்லை. ஆனால், ஏழ்மையையே குற்றத்தின் அடையாளமாகக் கருதுவது வேறு. 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவித் திருடர்களாக முத்திரை குத்தியதைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் மனப்பான்மை காலனி நுழைவாயில்களில் உயிரோடு இருக்கிறது.

உண்மையில், கதவின் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவர்கள் அந்த ஏழைகளே. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த 'மதராஸி கேம்ப்' குடியிருப்பு, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடித்து அகற்றப்பட்டது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த சுமார் 370 குடும்பங்களில் 215 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி உடையவை என்று அறிவிக்கப்பட்டன. அக்குடும்பங்களின் பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை செய்து வந்தவர்கள். பிறருடைய வீட்டுச் சாவி நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அரசு அடுக்குமாடி வீடுகள், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் இருந்தன. நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த அந்த வீடுகளில் அடிப்படை வசதிகளும் பொருத்துபொருள்களும் இல்லாத நிலை அப்போது செய்திகளில் வெளிவந்தது. அவற்றைச் செய்து தருமாறு நீதிமன்றமே கூற நேர்ந்தது. அரசால் தனது சொந்தக் கட்டடத்தைக்கூடக் காத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அங்குக் குடியேறும் ஏழைக்கு அது என்ன காவலைத் தந்துவிட முடியும்? வேலைக்காக விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் குடும்பத்தின் வீடு, நாள் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடு. கோடீஸ்வரர் வீட்டில் பத்து சவரன் போனால் காப்பீடு கிடைக்கும். கூலித் தொழிலாளி வீட்டில் எரிவாயு உருளையும் ஒரு ஜோடித் தோடும் போனால் ஓராண்டு உழைப்பு போகிறது.

கதவு என்பது இறுதியில் அரசின் மீதான நம்பிக்கைதான் என்பதைத் தில்லியின் வரலாறு கொடூரமாக உணர்த்தியிருக்கிறது. 1984 நவம்பரில், இன்று தமிழர்கள் நிறைந்து வாழும் மயூர் விஹாரை ஒட்டியுள்ள திரிலோக்புரியில் சீக்கியர்களின் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே கூறுகிறது. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு தில்லிக் கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு அப்பகுதியின் சந்துகளில் புதிய இரும்புக் கதவுகள் எழுந்தன. கும்பல் வரும்போது காவல் துறை வராவிட்டால், எந்த மரமும் எந்த இரும்பும் தாங்காது. அரசு இருக்கிறது என்ற நம்பிக்கை குறையும்தோறும் கதவுகளின் கனம் கூடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தில்லி வளர்ச்சி ஆணையமும் மத்தியப் பொதுப்பணித் துறையும் இனிக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும், உடைப்பைத் தாங்குவதும் உள்ளிருந்து சாவியின்றித் திறப்பதுமான வாசற்கதவைப் பொருத்த வேண்டும். அரசே முன்மாதிரி காட்டிய பின் அதைக் கட்டட விதியாக்கித் தனியாரையும் கட்டுப்படுத்தலாம். வாடகை ஒப்பந்தத்தில் நிலையும் பூட்டும் சீராக இருப்பதை வீட்டு உரிமையாளரின் கடமையாக்க வேண்டும். ஏழைகளுக்கான மறுகுடியமர்வு வீடுகளில் இந்தத் தரம் முதலில் நடைமுறைக்கு வர வேண்டுமே தவிர, கடைசியில் அல்ல.

காவல் துறைக்கும் வேலை இருக்கிறது. ஊருக்குச் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தெரிவித்தால் பூட்டிய வீட்டை ரோந்துக் காவலர் கண்காணிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ஆந்திரக் காவல் துறை ஒரு படி மேலே சென்று, கோரிக்கை வைப்போரின் பூட்டிய வீட்டில் கேமரா பொருத்திக் கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தனியே வசிக்கும் முதியோருக்காகத் தில்லி காவல் துறையில் 1291 என்ற உதவி எண்ணும், வீட்டுப் பாதுகாப்பை நேரில் வந்து ஆராய்ந்து ஆலோசனை கூறும் ஏற்பாடும் உள்ளன. அந்த ஆலோசனை முதியோரோடு நிற்க வேண்டிய காரணமில்லை. அதை எல்லாக் காலனிகளுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும், குடிசைப் பகுதிகளுக்கும் விரிவாக்கலாம். ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் நடந்த களவுகள் எத்தனை, கண்டுபிடிக்கப்பட்டவை எத்தனை, மீட்கப்பட்ட பொருளின் மதிப்பு என்ன என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். தில்லி மக்களின் காவலுக்கு நாடாளுமன்றமே சட்டப்பேரவை என்றால், உறுப்பினர்கள் அங்கே கேட்கத்தான் வேண்டும்.

இது தமிழர்களுக்குப் புதிய சிந்தனை அல்ல. நூலேணியும் கருவிகளுமாக இருளில் திரியும் கள்வரையும், மழை பெய்யும் நள்ளிரவிலும் உறங்காமல் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் மதுரைக்காஞ்சி சித்திரிக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரி காணப்படுகிறது. பிற்காலத் தென்னாட்டுக் காவல் முறையில், களவுபோன பொருளை மீட்டுத் தர இயலாவிட்டால் காவல் பொறுப்பை ஏற்றவர்களே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அந்த முறையில் குறைகள் இல்லாமல் இல்லை; கொடுமைகளும் உண்டு. ஆனால், காவலுக்குக் கூலி வாங்குபவர் களவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற அதன் அடிப்படை நேர்மையானது.

தில்லிவாசி இன்று மத்திய அரசுக்கும், மாநில அரசுக்கும், மாநகராட்சிக்கும் வரி கட்டுகிறார். அதன் பிறகு நலச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார். அதற்கும் பிறகு பூட்டு வாங்குகிறார். அந்தப் பூட்டு பூட்டியபடியே இருக்க, நாதாங்கி மட்டும் பெயர்ந்து கிடப்பதைக் கண்டு அவர் காவல் நிலையத்துக்குச் செல்லும்போது, நல்ல பூட்டாகப் போட்டிருக்கக் கூடாதா என்று அவரைக் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. கேள்வி கேட்க வேண்டியவர் அவர். பதில் சொல்ல வேண்டியது அரசு.